ஒன்பது பேர் எங்கே?



சேசுநாதர் சுவாமி ஜெருசலேம் பட்டணத்துக்குப் பிரயாணமாய்ப் போகையில், சமாரியா, கலிலேயா நாடுகளின் எல்லையோரத்தில் ஓர் ஊருக்குள் பிரவேசித்தார். பத்துக் குஷ்டரோகிகள் அவருக்கு எதிர்ப்பட்டார்கள். கிட்ட வர அவர்களுக்கு உத்தரவில்லை. ஆகையால் தூரத்தில் நின்றுகொண்டு, தங்கள்மேல் இரங்கும்படி உரத்த சத்தமாய்க் கூவினார்கள். குருக்களிடம் போய்த் தங்களைக் காண்பிக்கும்படி ஆண்டவர் கட்டளையிட்டார். போகிற வழியிலே பத்துப் பேருக்கும் வியாதி நீங்கிற்று. ஆனால் ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். அவனும் அந்நியனென்று ஒதுக்கப்பட்ட சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார். அர்ச். லூக்காஸ் எழுதின சுவிசேஷம் 17-ம் அதிகாரத்தில் இதை வாசிக்கிறோம்.

அந்த ஒன்பது பேரையும் கெட்டவர்களென்று நாம் உடனே தீர்ப்பிட்டு விடுகிறோம். சற்று யோசித்துப் பாருங்கள். குணமாகுமுன்னே ஆண்டவருடைய வார்த்தையை நம்பிப் புறப்பட்டவர்கள் அவர்கள். அவர் சொன்ன இடத்துக்குத்தான் போனார்கள். பிரிந்திருந்த பெண்சாதி பிள்ளைகளைப் பார்க்க ஒருவேளை ஓடியிருப்பார்கள். நாளைக்கு வந்து நன்றி சொல்லிக்கொள்ளலாமென்று கூட ஒருவன் நினைத்திருக்கலாம். நன்றி மறப்பது எப்போதும் துர்மனதினால் வருவதல்ல. அநேகமாய் அவசரத்தினால் வருகிறது. இரக்கம் கேட்கப் பத்துக் குரல் இருந்தது. தோத்திரம் சொல்லத் திரும்பி வந்ததோ ஒரே குரல்.

நாம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்?

நாம் நன்றியில்லாத ஜனங்களல்ல என்று நீங்கள் சொல்லலாம். மெய்தான். பிள்ளைக்குக் கடும் ஜுரம் நீங்கினால் வேளாங்கண்ணி மாதாவிடம் போய் நேர்ச்சை செலுத்துகிறோம். மகளுக்கு நல்ல வரன் அமைந்தால் அந்தோனியார் கோயிலில் பூசை வைக்கிறோம். வருஷக் கடைசி இரவில் கோயில் நிரம்பக் கூடி நன்றி கீதம் பாடுகிறோம். இவையெல்லாம் மிகவும் நல்லவை. ஆனால் ஜுரம் வந்து நீங்கின ஒரு வாரத்துக்காக நன்றி சொன்ன நாம், ஜுரமே வராத ஐம்பது வாரங்களுக்காக என்றைக்காவது முழங்காலில் நின்றோமா? பெரிய உபகாரத்துக்கு நேர்ச்சை; தினப்படி உபகாரத்துக்கு மௌனம். இதுவே நம்முடைய குறை.

ஒரு வீட்டைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து தாயார் அடுப்பு மூட்டுகிறாள். குழம்பில் உப்புச் சற்றுக் குறைந்தால் மூன்று பேர் சொல்லுகிறார்கள். முந்நூறு நாள் சரியாயிருந்ததை ஒருவரும் சொன்னதில்லை. தகப்பனார் மாசம் முழுவதும் உழைத்துச் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறார். போதவில்லை என்ற சொல்லே அவருக்குக் கிடைக்கும் பதில். கண்ணால் காண்கிற தாய் தகப்பனுக்கு நன்றி சொல்லப் பழகாத வாய், கண்ணால் காணாத சர்வேசுரனுக்கு எப்படி நன்றி சொல்லும்? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பெரியோர் வாக்கு. அதை முதலில் நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே அனுசரிக்க வேண்டும்.

துன்பத்திலுமா?

“சுவாமி, சுகமாயிருக்கிறவர்களுக்கு இது சரி. கடனிலும் வியாதியிலும் கிடக்கிற நான் எதற்காக நன்றி சொல்வேன்?” என்று ஒருவர் கேட்கக்கூடும். கேட்க நியாயமுண்டு. திருச்சபை தீமையை நன்மையென்று சொல்லச் சொல்லவில்லை. எந்த நிலையிலும் நன்றி செலுத்தும்படிதான் அர்ச். சின்னப்பர் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். எல்லாத் தீமைக்காகவும் என்று எழுதவில்லை.

அர்ச். ஜோசபின் பக்கீத்தாவின் சரித்திரத்தைக் கேளுங்கள். ஏறக்குறைய 1869-ல் சூடான் தேசத்தில் பிறந்தவள். சிறு பிள்ளையாயிருக்கும்போதே அடிமை வியாபாரிகள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பயத்தினால் பெற்றோர் இட்ட பெயரையே மறந்துபோனாள். பலமுறை விற்கப்பட்டாள். அவள் சரீரத்தைக் கத்தியால் கீறிக் காயத்தில் உப்பைத் தேய்த்தார்கள். பின்பு இத்தாலி தேசத்துக்குக் கொண்டு போகப்பட்டு, 1889-ல் விடுதலையாகி, 1890-ல் ஞானஸ்நானம் பெற்று, கனோசியன் சபைக் கன்னிகையானாள். 1947-ல் மரித்த அவளுக்குப் பாப்பரசர் 2-ம் ஜான் பால் 2000-ல் அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். தன்னைத் திருடிக்கொண்டு போனவர்களைக் கண்டால் முழந்தாளிட்டு அவர்கள் கையை முத்தி செய்வதாக அவள் சொன்னாள். ஏனென்றால் அந்த வழியாய் அல்லவோ தான் கிறிஸ்துநாதரை அறிந்தது! அவள் சவுக்கடிக்கு நன்றி சொல்லவில்லை. சவுக்கடியின் நடுவிலும் தன்னைக் கைவிடாத தகப்பனுக்கு நன்றி சொன்னாள்.

அனுசரிக்க வேண்டிய மூன்று காரியங்கள்

முதலாவது, காலையும் சாப்பாட்டு வேளையும். கண் விழித்தவுடன் சிலுவை அடையாளம் வரைந்து, இந்த நாளுக்காக ஒரு வார்த்தை தோத்திரம் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு முன் செபிக்கிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. சாப்பிட்ட பின் நன்றி சொல்லும் செபம் எங்கே போயிற்று? கேட்ட வாயே திரும்பி வந்து நன்றி சொல்லட்டும்.

இரண்டாவது, இரவில் ஆத்தும சோதனை. அர்ச். இஞ்ஞாசியாரின் ஞானப் பயிற்சிகள் என்னும் நூலைத் திருச்சபை 1548-ல் அங்கீகரித்தது. அதில் அவர் சோதனையின் முதற்படியாகப் பாவங்களை எண்ணச் சொல்லவில்லை. பெற்ற உபகாரங்களுக்கு நன்றி செலுத்தச் சொல்லுகிறார். தந்தவருடைய அன்பைக் கண்டவனுக்குத்தான் தன் பாவத்தின் அவலட்சணம் விளங்கும். குடும்ப செபமாலை முடிந்ததும், அன்று பெற்ற ஒரு நன்மையைப் பிள்ளை முதற்கொண்டு ஒவ்வொருவரும் சொல்லட்டும்.

மூன்றாவது, திவ்விய பூசை. தேவநற்கருணைக்குக் கிரேக்க பாஷையில் வழங்கும் எவுக்கரிஸ்தியா என்ற பெயருக்கே நன்றியறிதல் என்று அர்த்தம். அப்படியிருக்க, நன்மை வாங்கின கையோடு வாசலுக்கு நடக்கிறவர்கள் நம் கோயிலிலும் உண்டு. ரோமாபுரியில் அப்படிப் போன ஒருவன் பின்னே, எரிகிற மெழுகுதிரிகளுடன் இரண்டு பூசையுதவிச் சிறுவர்களை அர்ச். பிலிப்பு நேரியார் அனுப்பினார் என்று சொல்வதுண்டு. காரணம் கேட்கத் திரும்பி வந்தவனிடம், அவன் சுமந்து போகிற ஆண்டவருக்கு மரியாதை செய்ய வேண்டுமே என்றாராம். பிரியமானவர்களே, மெழுகுதிரி வரும்வரை காத்திராமல், ஐந்து நிமிஷம் முழங்காலில் இருங்கள்.

திரும்பி வந்த சமாரியனுக்கு என்ன கிடைத்தது? பத்துப் பேருக்கும் சரீர சுகம் கிடைத்தது. அவனுக்கு மட்டும், அவனுடைய விசுவாசம் அவனை இரட்சித்ததென்று ஆண்டவருடைய வாயாலேயே கேட்கும் பாக்கியம் கிடைத்தது. நன்றியினால் சர்வேசுரனுக்கு ஒன்றும் கூடிவிடாது. நன்றி சொல்லுகிறவனே அவர் பாதத்தருகில் சேருகிறான்.

ஆகையால் இன்றிரவு படுக்கைக்குப் போகுமுன், உங்கள் வீட்டில் நீங்கள் நன்றி சொல்ல மறந்த ஒருவரிடம் போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள். பின்பு முழந்தாளிட்டு ஆண்டவரிடம் திரும்புங்கள். ஒன்பது பேர் எங்கே என்று அவர் மறுபடியும் கேட்கும்போது, “இதோ, சுவாமி, திரும்பி வந்தோம்” என்று நம் பங்கின் ஒவ்வொரு குடும்பமும் பதில் சொல்லக்கடவது.

ஆமென்.