மோர்ஸின் ஜாகுவாரும் அத்தாவின் அம்பாசிடரும்

சென்ற வருடம் அத்தாவுக்கு 75 வயது ஆனபோது அவருக்கு ஒரு பழைய அம்பாசிடர் வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். கும்பகோணம் பக்கம் ஒருவரிடம் வெள்ளை வண்டி ஒன்று இருந்தது. அரசாங்க ஏலத்தில் எடுத்தது. இன்ஜின் வேலை பார்த்து, பெயின்ட் அடித்து, கல்யாண போட்டோ ஷூட்டுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கூரையில் ஒரு சிவப்பு விளக்கைக்கூட மாட்டி வைத்திருந்தார். நிஜ வண்டிகளில் அந்த விளக்கு 2017 மே 1ஆம் தேதியோடு ஒழிந்தது. போட்டோவில் ஒழியவில்லை. “மாப்பிள்ளைங்க கலெக்டர் மாதிரி நிக்கணும்னு கேக்குறாங்க தம்பி” என்றார்.

போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டு கூத்தாநல்லூருக்கு வந்து அத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பானட்டைப் பார்த்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அடுத்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி பின்சீட்டைப் பார்த்தார். “வேணாம்ப்பா” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அத்தா கிட்டத்தட்ட 15 வருடம் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டியவர். எங்கள் ஊரை ‘சின்ன சிங்கப்பூர்’ என்பார்கள். சுற்றிலும் நெல் வயல், நடுவில் சிங்கப்பூர், மலேசியாப் பணத்தில் எழும்பிய வீடுகள். சபுராளிகளை மீனம்பாக்கத்தில் கொண்டுபோய் விடுவதும், இரண்டு வருடம் கழித்து அதே ஆளைக் கேரியர் நிறைய மூட்டையோடு கூட்டி வருவதும்தான் அத்தாவின் தொழில். அவருக்கு அந்த வண்டி பிடிக்காமல் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எனக்கு வண்டிப் பித்து வந்தது அத்தாவின் டாக்ஸியால் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரிலிருந்த மாமா ஒரு வி.சி.ஆரும், ஒரு பை நிறைய கேசட்டும் கொண்டுவந்தார். அதில் ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் போலீஸ் தொடர் இருந்தது. எனக்கு அப்போது 13 வயது. இங்கிலீஷ் ஒரு வரியும் புரியாது. ஆனால் அந்தக் கருஞ்சிவப்பு ஜாகுவார் மார்க் 2 புரிந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் பழைய கல் கட்டடங்களுக்கு நடுவே அது அலுங்காமல் வந்து நிற்கும். உள்ளே தனியாக ஒரு மனுஷன், இசை கேட்டுக்கொண்டு. இறங்கி வந்து யாரையும் அடிக்க மாட்டார். கேள்வி கேட்பார், பதிலைக் கேட்பார், தப்பாக யூகித்துவிட்டு வருத்தப்படுவார்.

பிறகு இணையம் வந்ததும் எல்லாவற்றையும் தேடிப் பார்த்தேன். ஃபோர்டு செஃபிர் ஓடும் ‘இசட் கார்ஸ்’, 1970களின் ‘தி ஸ்வீனி’, கார்ட்டினா சீறிக்கொண்டு வரும் ‘லைஃப் ஆன் மார்ஸ்’. கதையைவிட வண்டிகளுக்காகத்தான் பார்த்தேன். அந்தக் காலத்தில் எல்லாமே ஒரு கண்ணியத்தோடு இருந்தது என்ற எண்ணம் இப்படித்தான் எனக்குள் வந்து உட்கார்ந்தது. நான் பிறந்திராத நாட்டின், நான் வாழ்ந்திராத காலத்துக்காக ஏங்கினேன். நம் அம்பாசிடர் அந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று தெரிந்தபோது சந்தோஷம் இன்னும் கூடியது. அதன் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, மோர்ஸ் துப்பறியும் அதே ஆக்ஸ்ஃபோர்டின் புறநகரான கவ்லியில் செய்யப்பட்ட வண்டி. அதன் மூன்றாம் வரிசையை 1950களின் கடைசியில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடராக உருட்டியது. 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. அப்படியென்றால் என் அத்தா ஓட்டியது மோர்ஸின் ஊர்க்கார வண்டி!

அவர் “வேணாம்ப்பா” என்றதன் காரணத்தை அன்று ராத்திரி, இஷா முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“91ன்னு நெனைக்கிறேன். குறுவை அறுப்பு நேரம். ஸ்டாண்டுல வண்டிக்குள்ள படுத்துருந்தேன். ரெண்டு போலீஸ்காரங்க வந்து எழுப்பி வண்டிய எடுன்னாங்க. அதெல்லாம் வழக்கந்தான். அவங்களுக்கு ஓசி சவாரி போகலன்னா மறுநாளு ஏதாவது கேஸு போடுவாங்க. கூட ஒரு பய. பதினெட்டு பத்தொம்பது இருக்கும். வயக்காட்டு மோட்டர் திருடுன கேஸுன்னாங்க. அவன நடுவுல உக்கார வச்சுக்கிட்டாங்க. ஒரு மணி நேரம் ஓட்டம். வழி பூரா அடி. நான் பின்னாடி பாக்குற கண்ணாடிய மேல தூக்கி விட்டுட்டேன். அப்புறம் கண்ணாடி பாக்காமத்தான் ஓட்டுனேன்.”

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

“எறங்குறப்ப அவன் ஊரு பேரச் சொன்னான். ‘அண்ணே, எங்கம்மாகிட்ட சொல்லிருங்கண்ணே’ன்னான். சரின்னு தலைய ஆட்டுனேன். மறுநாளு போகலாம்னு நெனச்சேன். போகல.”

சீட் கவரை அவர் தானே துவைத்தாராம். ஆறு மாதத்தில் வண்டியை விற்றுவிட்டு ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். முழங்கால் வலி என்று வீட்டில் சொன்னார். நாங்கள் நம்பினோம்.

அந்த ராத்திரிக்குப் பிறகு என் ஏக்கத்தை நான் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. முதலில் எனக்கு நானே ஒரு வாதம் சொல்லிக்கொண்டேன். வண்டி என்ன பாவம் பண்ணியது? அது இரும்பு. ஏற்றியவன் செய்ததற்கு இரும்பு பொறுப்பா?

இந்த வாதம் தஞ்சைப் பக்கத்தில் செல்லாது. திருவாரூரைத் தாண்டி, கீழ்வேளூருக்கு அருகே இருக்கிறது கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, அங்கே விவசாயக் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மேல்முறையீட்டில் மிராசுதார்களை விடுவித்த சென்னை உயர் நீதிமன்றம், அவர்களில் பெரும்பாலோர் பணக்காரர்கள் என்பதையும், முதல் எதிரியிடம் கார் இருந்தது என்பதையும் குறிப்பிட்டது. இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களின் துணையில்லாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றது. எங்கள் மண்ணில் ஒரு கார் சும்மா நின்றபடியே தன் சொந்தக்காரருக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறது. கார் வைத்திருப்பவர் நடக்க மாட்டார், நடக்காதவர் கொளுத்த மாட்டார். இரும்புக்குப் பாவம் இல்லை, சரி. ஆனால் அது யாருக்கு மரியாதையும் யாருக்குப் பயமும் தந்தது என்ற கணக்கு அதன் மேல் ஏறித்தான் இருக்கிறது.

அடுத்து இன்னொரு சமாதானம். அது நம்ம ஊர்க் கதை, இங்கிலாந்தில் போலீஸ் மோர்ஸ் மாதிரிதானே இருந்திருக்கும்? இதையும் சரிபார்த்தேன். 1974இல் பர்மிங்ஹாம் குண்டுவெடிப்புகளுக்காக ஆறு பேர் பிடிக்கப்பட்டார்கள். காவலில் அடிபட்டதாகவும், மிரட்டி வாக்குமூலம் வாங்கப்பட்டதாகவும் அவர்கள் சொன்னார்கள். 1975இல் ஆயுள் தண்டனை. அந்தத் தீர்ப்பு செல்லாது என்று அவர்கள் வெளியே வந்தது 1991இல். என் அத்தா கண்ணாடியை மேலே தூக்கிவிட்ட அதே வருடம். கில்ஃபோர்டு வழக்கில் 1975இல் தண்டிக்கப்பட்ட நால்வருக்கு விடுதலை கிடைத்தது 1989இல். ‘தி ஸ்வீனி’யை ஜனங்கள் ரசித்துப் பார்த்த காலம் இவர்கள் உள்ளே இருந்த காலம்.

விசாரணையைப் பதிவு செய்ய வேண்டும், பிடிபட்டவர் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் விரிவான சட்டம் அங்கே வந்தது 1984இல்தான். ‘மோர்ஸ்’ ஒளிபரப்பானது 1987இல் தொடங்கி. அவருடைய ஜாகுவாரோ 1960களோடு உற்பத்தி நின்றுபோன வண்டி, முதல் நாள் திரையில் வந்தபோதே பழசு. காலின் டெக்ஸ்டரின் ஆரம்ப நாவல்களில் மோர்ஸ் ஓட்டியது லான்சியா. டிவிக்காகத்தான் ஜாகுவார் வந்தது. அதாவது, அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சண்டை போட்டு வாங்கிய ஒரு நாகரிகத்தை ஒரு பழைய வண்டிக்குள் உட்கார வைத்து நமக்குக் காட்டினார்கள். வண்டி பழசு என்பதால் நாகரிகமும் பழசு என்று நாம் நம்பிவிட்டோம்.

என் ஏக்கத்தின் பிசகு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் தேடியது உண்மையில் வண்டியை அல்ல. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் ஓர் அதிகாரியைத்தான் தேடினேன். அப்படி ஒருவர் வேண்டும் என்று ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவர் ஒரு காலத்தில் இருந்தார், இப்போது காணாமல் போய்விட்டார் என்று எண்ணினேன். இன்னும் கிடைக்காத ஒன்றை இழந்துபோன ஒன்றாக மாற்றிக்கொண்டேன். இரண்டும் மனசுக்கு ஒரே மாதிரி வலிக்கும். ஆனால் இழந்ததற்குப் பெருமூச்சு விட்டால் போதும், யாரையும் எதிர்த்துப் பேச வேண்டாம். கிடைக்காததைக் கேட்க வேண்டும், கேட்டு நிற்க வேண்டும். நான் பெருமூச்சைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

அந்தப் பையன் இறங்கும்போது கேட்டது என்ன? என் அம்மாவுக்குச் சொல்லுங்கள் என்பதுதான். 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே விதியாக்கியது. கைது செய்தால் குறிப்பு எழுத வேண்டும், சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும், காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். ஒரு பையன் பின்சீட்டில் கெஞ்சியது அவனுடைய உரிமை என்று சொல்ல 1996 வரை ஆகியிருக்கிறது. விதி வந்து 20 வருடத்துக்கு மேல் ஆனபிறகு, 2020 ஜூனில், சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். இதில் எந்த வருடத்துக்கு நான் திரும்பிப் போக ஏங்குவது?

‘லைஃப் ஆன் மார்ஸ்’ இதைத் தெரிந்தே செய்த தொடர் என்று நண்பர் ஒருவர் சொன்னார். உண்மைதான். 2006இல் விபத்தில் அடிபடும் ஒரு போலீஸ்காரர் 1973இல் கண் விழிக்கிறார். அங்கே அவருடைய மேலதிகாரி ஜீன் ஹண்ட் சந்தேகத்துக்குரியவர்களை அடிப்பார், மிரட்டுவார், சாட்சியத்தில் கை வைப்பார். அது தப்பு என்று தொடர் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் பார்ப்பவர்கள் மனசில் நின்றவர் ஹண்ட்தான். நானும் அவர் ரசிகன்தான். கார்ட்டினா திருப்பத்தில் கிறீச்சிட்டு வரும்போது அதன் பின்சீட்டில் யார் இருக்கிறார் என்று நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அத்தா போட்டோவைப் பெரிதாக்கி முதலில் பார்த்தது அதைத்தான்.

அப்படியென்றால் பழைய வண்டியை ரசிக்கவே கூடாதா என்று கேட்கலாம். நானும் அத்தாவிடம் கேட்டேன், “அந்த வண்டி ஞாபகமே ஒங்களுக்கு வராதாத்தா?” என்று.

“ஏன் வராம? மெட்ராஸ்லேர்ந்து வர்றப்ப விடியக்காலைல தஞ்சாவூர் தாண்டுனா வயக்காட்டு வாசம் வரும். சபுராளி பின்னாடி தூங்கிக்கிட்டு இருப்பாரு. ஊரு நெருங்கினதும் தானா முழிச்சுக்கிருவாரு. அத மறக்க முடியுமா? ஆனா அதே சீட்டுதான அது.”

அவருடைய நினைவு என்னுடையதைவிட நேர்மையானது. அதில் தூங்கிய சபுராளியும் உண்டு, அடிபட்ட பையனும் உண்டு. ஒருவருக்காக இன்னொருவரை அவர் இறக்கி விடவில்லை. ஏக்கப்பட நமக்கு உரிமை இருக்கிறது என்றால் இந்த நிபந்தனையோடுதான் என்று இப்போது தோன்றுகிறது. கும்பகோணத்துக்காரருக்கு போன் போட்டு வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் அத்தா, “அந்த ஊருக்குப் போயிட்டு வருவமா?” என்றார். கார் பிடிக்கிறேன் என்றேன். பஸ்ஸில் போகலாம் என்றார். லெட்சுமாங்குடியில் பஸ் ஏறினோம். அந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. இறங்கி ஒரு டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்தோம். 91ல ஒரு பையனப் போலீஸ் புடிச்சிட்டுப் போச்சு, மோட்டர் திருடுனதா கேஸு, அம்மா இருந்தாங்க என்று அத்தா மெதுவாகச் சொன்னார். பெஞ்சில் இருந்த பெரியவர்கள் அக்கறையாகத்தான் கேட்டார்கள். இந்த ஊரிலிருந்து அப்படி நாலைந்து பேரைப் பிடித்துப்போயிருக்கிறார்கள் என்றார் ஒருவர். “பேரு என்ன பாய்?” என்று கேட்டார்.

அத்தா என்னைப் பார்த்தார். அப்புறம் அவரிடம் சொன்னார்.

“பேரு கேக்கலையே.”