இல்லாத கப்பலின் இரும்பு

கப்பலை விட்டு இறங்கிய காம்பஸை வீட்டில் கொண்டுபோய் வைத்தால் அது பொய் சொல்லும். பழசாகிவிட்டது என்பதால் அல்ல. கப்பலில் இருந்தபோது அது உண்மை சொல்ல வேண்டும் என்று நாங்கள் உள்ளே வைத்த காந்தங்கள் இன்னும் அங்கேயே இருப்பதால்.

நாங்கள் என்றால் காம்பஸ் சரிபார்க்கிறவர்கள். மலேசியாவின் போர்ட் கிள்ளானில் எனக்குச் சோறு போட்ட தொழில் அது. இரும்புக் கப்பல் தானே ஒரு பெரிய காந்தம். ஊசியை வடக்கில் நிற்க விடாமல் தன் பக்கம் இழுக்கும். அந்த இழுப்பைச் சமன்செய்ய எதிர் இழுப்பு வேண்டும். அதற்குத்தான் பினக்கிள், அதாவது காம்பஸ் உட்கார்ந்திருக்கும் இடுப்புயரத் தூண். கெல்வின் பிரபு 1876இல் காப்புரிமை வாங்கிய அமைப்பின் வாரிசுதான் இன்றுவரை புழங்குகிறது. உள்ளே சிவப்பும் நீலமும் பூசிய காந்தக் குச்சிகள்; நடுவில் சங்கிலியில் தொங்கும் வாளியில் இன்னும் சில; இரு தோள்களிலும் இரண்டு இரும்புக் குண்டுகள். கப்பலை எட்டுத் திசைக்கும் மெதுவாகத் திருப்பச் சொல்லி, சூரியனையோ கரையில் தெரியும் குறிகளையோ பார்த்து, ஒவ்வொரு திசையிலும் பிழை எவ்வளவு என்று கணக்கெடுத்து, காந்தங்களை ஏற்றி இறக்குவோம். அதற்கும் அடங்காத மிச்சப் பிழையை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இறங்குவோம்.

ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் தேடி வருகிறார்கள். உடைத்த கப்பல்களின் சாமான்கள் பழைய இரும்புக் கடைகளுக்கு வருகின்றன. பித்தளை என்றால் வாங்க ஆள் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் தூன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஓர் அம்மா, அப்படி ஒரு பினக்கிளை வாங்கி வரவேற்பறையில் நிறுத்தியிருந்தார். அழகுக்கு மட்டும் அல்ல. பூஜையறையில் சாமியைக் கிழக்குப் பார்த்து வைக்க வேண்டும்; அதற்கும் உதவட்டும் என்று. "கட்டட பிளானில் வடக்கு ஒரு பக்கம், இதில் வடக்கு வேறு பக்கம். கெட்டுப் போச்சா அங்கிள்?"

பினக்கிளின் கதவைத் திறந்து பார்த்தேன். யாரோ என்னைப் போன்ற ஒருவர் வைத்த காந்தங்கள் வைத்தபடியே இருந்தன. கப்பல் என்றைக்கோ உருக்காலைக்குப் போய்விட்டது. அதன் இரும்பு இப்போது எந்தப் பாலத்தில் கம்பியாக இருக்கிறதோ தெரியாது. ஆனால் இந்தக் குச்சிகள், இல்லாத அந்தக் கப்பலின் இழுப்பை எதிர்த்து இன்னும் விடாமல் இழுத்துக்கொண்டிருந்தன. குச்சிகளை ஒவ்வொன்றாக உருவினேன், வாளியைக் கழற்றினேன், குண்டுகளின் திருகாணியைத் தளர்த்தி எடுத்து எல்லாவற்றையும் அடுத்த அறைக்கு அனுப்பினேன். காம்பஸ் கிண்ணத்துத் திரவத்தில் திசை அட்டை அசைந்து, மெல்லத் திரும்பி, வேறு இடத்தில் போய் நின்றது.

அவர் வேதாந்த வகுப்புக்குப் போகிறவர். உடனே சொன்னார்: "பாருங்க, ஒட்டினதை எல்லாம் நீக்கினால் மிஞ்சுறதுதான் உண்மை." அழகான வார்த்தைதான். ஆனால் ஊசி இன்னமும் வடக்கைக் காட்டவில்லை. அடுக்குமாடியின் தரையிலும் தூணிலும் கம்பி. ஜன்னலில் இரும்புக் கிரில். சுவருக்கு அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ். பழைய இரும்பை விட்டுப் புது இரும்பிடம் மாட்டியிருந்தது. கிண்ணத்தை மட்டும் தூக்கிக்கொண்டு கீழே போய், கார்கள் இல்லாத வெட்டவெளியில் தரையில் வைத்த பிறகுதான் பிளானும் ஊசியும் ஒத்துப்போயின. நம் வட்டாரத்தில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் அரை டிகிரிகூட இல்லை. நம் அதிர்ஷ்டம்.

அங்கே நின்றபடி நான் அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். வெளியில் வந்த ஊசி எதையும் சாராமல் நிற்கவில்லை. கப்பலையும் கட்டடத்தையும் விட்டுப் பூமியைச் சார்ந்து நிற்கிறது. சார்பே இல்லாத ஊசிக்குத் திசையே கிடையாது. அது வெறும் இரும்புத் துண்டு.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் சிவஞானபோதத்தைச் செய்தார். அந்தச் சைவ சித்தாந்த மரபு உயிருக்குச் சொல்லும் இலக்கணம் இதுதான்: சார்ந்ததன் வண்ணம் ஆதல். மலத்தோடு, அதாவது உயிரைப் பிணிக்கும் அழுக்கோடு, சேர்ந்தால் மலமாய் நிற்கும். சிவத்தோடு சேர்ந்தால் சிவமாய் நிற்கும். தனித்து நிற்க அதற்கு இயல்பில்லை. ஆகவே விடுதலை என்பது எல்லாச் சார்பையும் அறுப்பது அல்ல. சார வேண்டியதைச் சார்வது. இதை நான் முதலில் படித்தபோது வேலைக்குப் போன ஒவ்வொரு கப்பலும் நினைவுக்கு வந்தது. வேதாந்தி உருவிய காந்தங்களைப் பார்க்கிறார். சித்தாந்தி ஊசி அடுத்து எதன் பக்கம் திரும்பியது என்று பார்க்கிறார். என் தொழிலுக்கு இரண்டாவதுதான் பொருந்துகிறது.

பழைய கடல் கருவிகளுக்குப் புது வேலை தேடும்போது இந்த ஒரு கேள்வி போதும் என்று தோன்றுகிறது: இது எதைச் சார்ந்து நின்றது?

ஒமேகா என்று ஒன்று இருந்தது. உலகம் முழுவதற்கும் எட்டே நிலையங்கள். அவை அனுப்பும் ரேடியோ அலையை வைத்துக் கப்பல் தன் இடத்தை அறியும். ஜிபிஎஸ் வந்ததும் 1997 செப்டம்பர் 30 அன்று நிறுத்திவிட்டார்கள். கப்பல்களில் இருந்த ஒமேகா பெட்டிகளில் ஒரு பழுதும் இல்லை. கேட்கத்தான் ஒன்றும் இல்லை. மறுநாளிலிருந்து அவை எடைக்குப் போடும் பழைய இரும்பு. ஒரு மனிதர் நிறுத்தினால் நின்றுபோகும் ஒன்றைச் சார்ந்த கருவியின் கதி அது.

சூரியனின் உயரக் கோணத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் அப்படி இல்லை. அதற்கு ஒரு சூரியனும் ஒரு கிடைமட்டமும் போதும். சோழமண்டலக் கரை மாலுமிகள் வைத்திருந்த ராப்பலகைக்கு இன்னும் குறைவு: ஒரு சின்னப் பலகை, முடிச்சுப் போட்ட கயிறு, துருவ நட்சத்திரம். நாகப்பட்டினத்தில் ஏறக்குறைய 11 டிகிரி உயரத்தில் நிற்கும் அந்த நட்சத்திரம் கிள்ளானில் 3 டிகிரிக்கு இறங்கி, பெரும்பாலும் அடிவானப் புகைக்குள் மறைந்துவிடும். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி கைவிட்டிருந்த, சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்து வழி அறியும் பாடத்தை 2015இல் திரும்பக் கொண்டுவந்ததும், செயற்கைக்கோளை யாரும் குழப்பலாம், சூரியனை முடியாது என்ற நினைப்பில்தான்.

என் செக்ஸ்டன்டுக்கு நான் கொடுத்திருக்கும் புது வேலை உச்சி பார்ப்பது. கடல் கண்ணில் படாத முற்றத்தில் ஒரு தாம்பாளம் நிறைய நல்லெண்ணெய் ஊற்றி வைப்பேன். அதில் தெரியும் சூரியனையும் வானத்துச் சூரியனையும் கறுப்புக் கண்ணாடி வழியாக ஒன்றோடொன்று தொட வைத்துக் கோணத்தைப் பூட்டிவிடுவேன். காலை 10:30க்கு அப்படிப் பூட்டினால், பிற்பகலில் சூரியன் இறங்கி வந்து அதே கோணத்தில் மறுபடி தொடும் வரை காத்திருக்க வேண்டும். சித்திரை முதல் நாளில் அது 3:58 வாக்கில் நடக்கும். இரண்டுக்கும் நடு, 1:14. அன்று கிள்ளானின் நிஜமான உச்சிவேளை அதுதான். 1982 ஜனவரி முதல் தேதி மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதற்கு முன்பு 12:44 என்று காட்டியிருக்கும். சூரியன் இரண்டு கணக்கையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

அப்படியானால் பகல் 12 மணிக்கு உச்சிகால பூஜை செய்தால் சாமி ஏற்காதா என்று பேரன் கேட்டான். ஏற்பார் என்றுதான் சொன்னேன். பக்தர்களுக்கு வேலை, பள்ளிக்கூடம் இருக்கிறது. கோயில் கடிகாரத்தைச் சார்வதில் குற்றமில்லை. ஆனால் எதைச் சார்ந்திருக்கிறோம் என்று தெரிந்து சார வேண்டும். அதைத் தெரிவிக்கத்தான் அந்தத் தாம்பாளமும் எண்ணெயும். இந்த வேலையில் செக்ஸ்டன்ட் யாரையும் எங்கும் கொண்டு சேர்ப்பதில்லை. இருக்கும் இடத்தில் இருக்கிறோம் என்பதை மட்டும் சொல்கிறது.

கருவியைச் சாமி காரியத்துக்கு இழுப்பது அதன் கௌரவத்துக்குக் குறைவு என்று நினைக்கும் மாலுமிகள் உண்டு. சரித்திரம் அவர்கள் பக்கம் இல்லை. சீனாவில் காந்த ஊசி கடலுக்குப் போகும் முன்பே மனை பார்க்கப் போயிற்று. 1088 வாக்கில் ஷென் குவா என்ற சீன அறிஞர் அந்த ஊசியைப் பற்றி எழுதிவிட்டார். கப்பலில் அது இருந்ததைச் சொல்லும் சீன எழுத்து 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வருகிறது. பிரிக்பீல்ட்ஸ் அம்மா தன் பூஜையறைக்குத் திசை பார்த்தபோது காம்பஸுக்குப் புது வேலை கொடுக்கவில்லை. முதல் வேலையைத் திருப்பிக் கொடுத்தார்.

புது வேலை பழையதைவிடத் தாழ்ந்ததாகத் தெரியலாம். நியூசிலாந்தின் வெல்லிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கலக் கப்பல் மணியின் மேற்பாதி இருக்கிறது. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் தமிழில் பொறித்திருக்கிறது. 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி ஃபாங்காரே பக்கத்தில் அதைப் பார்த்தபோது, மாவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்து வைத்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். காவல் மாறும் நேரத்தையும் மூடுபனியில் கப்பல் நிற்கும் இடத்தையும் சொன்ன மணி. புயலில் சாய்ந்த ஒரு மரத்தின் வேரடியில் கிடைத்ததாம். அந்தக் கப்பலின் பாய், கயிறு, பலகை எதையும் இன்று நாம் காட்ட முடியாது. சமையலுக்கு வந்தது மட்டும் மிஞ்சியது. அடுப்பைச் சார்ந்ததால்தான் அது இன்று நம் எழுத்தோடு நமக்குக் கிடைத்திருக்கிறது.

கோயிலில் திருப்பணி நடக்கும்போது மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்பத்திலோ பலகைப் படத்திலோ ஏற்றிப் பாலாலயத்தில் வைப்பார்கள். வேலை முடியும் வரை பூஜை அதற்குத்தான். சாமியே சார்பு மாறி நிற்கச் சம்மதிக்கும் சமயத்தில், ஓய்வு பெற்ற மனிதர்களுக்கு ஏன் அது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

துறைமுகத்தில் பல வருடம் ஆட்களை அதட்டி வேலை வாங்கிய ஒருவர் எனக்குத் தெரிந்த கோயிலில் அன்னதானப் பொறுப்பில் இருக்கிறார். நல்லவர், கைசுத்தமானவர். வரிசை அரை அடி கோணினால் அதே குரல். துறைமுகத்தில் கிரேன் சத்தத்தை மீறிக் கேட்க அந்தக் குரல் வேண்டியிருந்தது. பிழை அல்ல, திருத்தம். இங்கே சாம்பார் வாளி பிடித்து நிற்கும் பையன்மேல் அது விழுகிறது. இல்லாத கப்பலின் இரும்பு. என் வீட்டுக்காரியைக் கேட்டால் என் காந்தங்களின் பட்டியலையும் தருவாள்.

அதனால் பழைய கருவியோடு வருகிறவர்களிடம், இதன் விலை என்ன, எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதற்கு முன் இரண்டு கேள்வி கேட்கிறேன். எந்தக் கப்பலுக்கு வைத்த காந்தம் இதற்குள் இன்னும் இருக்கிறது? இனி இதை எதன் பக்கத்தில் வைக்கப் போகிறீர்கள்? முதலாவதற்கு என் ஸ்க்ரூடிரைவர் போதும். இரண்டாவதற்கு வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் கிளம்புகிறவரின் ஊசி, நான் எத்தனை காந்தத்தை உருவினாலும், கிட்டத்தில் இருக்கும் ஃபிரிட்ஜைத்தான் காட்டும்.