ஒரே பிரதி, மூன்று வாசகிகள்

என் அலமாரியில் ஒரு பழைய ஆங்கில நாவல் இருக்கிறது. அதை யார் யார் எந்த இடத்தில் நின்று படித்தார்கள் என்று புரட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். நடுப்பகுதியில் வரிசையாக மூலைகள் மடிந்திருக்கின்றன, ஓரமெல்லாம் பென்சில் கோடு. அது என் அக்கா மகளின் வேலை. கடைசி நூறு பக்கங்கள் கைபட்டுக் கைபட்டுப் பழுப்பேறியிருக்கின்றன. அது எதிர்வீட்டு டீச்சர் திரும்பத் திரும்பப் படித்த இடம். முதலில் வாங்கியவள் நான். நான் படித்ததற்கு மட்டும் சென்ற வாரம்வரை அதில் ஓர் அடையாளமும் இல்லை.

பெட்ரீஷியா கஃப்னி என்ற அமெரிக்க எழுத்தாளர் 1995ல் எழுதிய 'டு ஹேவ் அண்ட் டு ஹோல்ட்' என்ற காதல் நாவல் அது. ஆங்கிலத் திருச்சபையில் மணமக்கள் சொல்லும் உறுதிமொழியில் வருகிற சொற்களே தலைப்பு. 1999ல் திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலை நடைபாதைக் கடையில் இருபது ரூபாய்க்கு வாங்கினேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. அட்டையை நாளிதழால் மூடி, பேருந்திலும் மொட்டைமாடியிலுமாக மூன்றே நாளில் முடித்தேன். மிகவும் பிடித்திருந்தது.

கதை 19ஆம் நூற்றாண்டின் நடுவில், இங்கிலாந்தின் டெவன் பகுதியில், விக்கர்லி என்ற கற்பனைக் கிராமத்தில் நடக்கிறது. ரேச்சல் வேட் கணவனைக் கொன்றதாகத் தீர்ப்பாகி, பத்து வருடம் சிறையில் கிடந்து வெளியே வந்தவள். வேலை இல்லை, தங்க இடம் இல்லை. அதனாலேயே மறுபடி பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். வீடும் பிழைப்பும் இல்லாமல் திரிவதைக் குற்றமாக்கிய 1824ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே நடப்பில் இருந்த காலம். நீதிபதி இருக்கையில் இருப்பவன் செபாஸ்டியன் வெர்லேன். பணக்காரப் பிரபு, எல்லா இன்பங்களும் சலித்துப்போனவன். அவளை மறுபடி சிறைக்கு அனுப்பாமல் தன் மாளிகைக்கு வீட்டு நிர்வாகியாக அழைத்துப்போகிறான். அது இரக்கத்தால் அல்ல. எதற்காக என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மறுத்தால் அவள் போக வேண்டிய இடம் மறுபடியும் சிறைதான்.

அந்த நாட்டின் அந்தக் காலத்துச் சிறையை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் ரேச்சல் புரிவாள். 1842ல் லண்டனில் பென்டன்வில் சிறை திறக்கப்பட்டபோது, கைதிகளைத் தனித்தனி அறையில் அடைத்து, வெளியே வரும்போது முகத்தை மறைக்கும் தொப்பி மாட்டி, ஒருவரோடொருவர் பேசவிடாமல் வைப்பதைப் பெரிய சீர்திருத்தமாக நினைத்தார்கள். பேசினாலே தண்டனை என்ற ஒழுங்கிலிருந்து வந்தவள் ரேச்சல். அவள் குனிந்த தலையும் வெளிவராத வார்த்தையும் நாணம் அல்ல. மனுஷியை இல்லாமலாக்கும் ஒரு பயிற்சியின் மிச்சம்.

நாவலின் நடுப்பகுதியில் செபாஸ்டியன் தன் அதிகாரத்தால் அவளைப் படுக்கைக்குக் கொண்டுவருகிறான். பிறகு லண்டனிலிருந்து அவனுடைய நண்பர்கள் விருந்துக்கு வருகிறார்கள். சிறையில் என்ன சாப்பிட்டாய், என்ன உடுத்தினாய், எப்படித் தூங்கினாய் என்று வேடிக்கைக்காக அவளைத் துருவுகிறார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறாள். அவன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவர்களில் ஒருவன் அவள்மேல் கைவைக்கப் போகும்போதுதான், அந்த மனிதனின் முகத்தில் தன் முகத்தைக் காண்கிறான். அங்கே கதை திரும்புகிறது. அதன்பின், அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கக் கற்றுக்கொள்கிறவனாக அவனைக் காட்டுகிறார் கஃப்னி.

வெளிவந்த நாளிலிருந்து இந்த நாவலின் வாசகர்கள் இரண்டாகப் பிரிந்தே நிற்கிறார்கள். இந்த வகைக் கதைகளிலேயே நேர்மையானது, ஒரு கொடியவனின் மனத்தை உள்ளிருந்து காட்டியது என்பார்கள் சிலர். பலாத்காரம் செய்தவனைக் கதாநாயகன் என்று அழைக்கவே மாட்டோம் என்பார்கள் வேறு சிலர். இந்தச் சண்டை என் வீட்டுக் கூடத்துக்குள் வந்தது சென்ற ஆண்டில்தான்.

அக்கா மகளுக்கு வயது இருபத்து நான்கு. விடுமுறைக்கு வந்தவள் அலமாரியிலிருந்து அதை எடுத்துப் போனாள். மறுநாள் காலை காபி ஆறிக்கொண்டிருக்க, மடித்த பக்கங்களோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"சித்தி, இதைப் போய் காதல் கதைன்னா சொல்றீங்க? அந்தப் பொண்ணுக்கு வேண்டாம்னு சொல்ல வழியே இல்லை. வழியில்லாதவகிட்ட எதுக்குச் சம்மதம்? நீங்க இதை எப்படி ரசிச்சீங்க?"

கடைசிவரை படித்துவிட்டுச் சொல் என்று தப்பிக்கப் பார்த்தேன். "கடைசியில நல்லவனாயிட்டா நடுவுல நடந்தது நடக்கலைன்னு ஆயிடுமா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அவள் ஊருக்குப் போன பிறகு அந்தப் பக்கங்களை மட்டும் மறுபடி படித்தேன். இருபத்தாறு வயதில் என் கண்ணில் படாமல் போனது எல்லாம் அப்படியே அச்சில் இருந்தது. எழுதியவர் எதையும் மறைக்கவில்லை. மறைத்துப் படித்தவள் நான்.

ஏன் அப்படிப் படித்தேன் என்று பல நாள் யோசித்தேன். இந்த வகை நாவல்களின் வரலாறு ஒரு விளக்கம் தந்தது. 1972ல் கேத்லீன் வுடிவிஸ் எழுதிய 'தி ஃப்ளேம் அண்ட் தி ஃப்ளவர்' நாவலில் கதாநாயகன், கதாநாயகியை விலைமகள் என்று தவறாக நினைத்து வன்புணர்வு செய்கிறான். பிறகு அவர்கள் கணவன் மனைவியாகி, காதலிக்கிறார்கள். அது பெரும் விற்பனை கண்டது. அதே தடத்தில் பல நாவல்கள் வந்தன. அவற்றைப் படித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நல்ல பெண் ஆசைப்படக் கூடாது என்ற கட்டு இறுகியிருந்த இடத்தில், ஆசையை அவள்மேல் திணிக்கப்பட்டதாகக் காட்டினால் இன்பமும் கிடைக்கும், பழியும் வராது என்பது விமர்சகர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான் வளர்ந்த வீட்டில் 'வேண்டும்' என்ற சொல்லை ஒரு பெண் இரண்டாவது கரண்டி பாயசத்துக்குக்கூடச் சொல்ல மாட்டாள். கேட்காமலே ஒருவன் வந்து எல்லாம் தந்துவிட வேண்டும் என்று மனம் பழகியிருந்தது. கேட்காமல் தருகிறவன் கேட்காமல் எடுத்துக்கொள்ளவும் செய்வான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

1984ல் ஜானிஸ் ராட்வே எழுதிய 'ரீடிங் தி ரொமான்ஸ்' என்ற ஆய்வு நூல் இன்னொரு கதவைத் திறந்தது. அமெரிக்காவின் ஒரு நடுத்தர ஊரில் காதல் நாவல்களை விடாமல் படிக்கும் பெண்களிடம் உட்கார்ந்து பேசி எழுதியது. வீட்டு வேலைகளுக்கு நடுவே புத்தகத்தைக் கையில் எடுப்பதே 'இது என் நேரம்' என்று சொல்வதற்குத்தான் என்றார்கள் அந்தப் பெண்கள். பலாத்காரம் வரும் கதைகள் தங்களுக்குப் பிடிக்காது என்றும் சொன்னார்கள். ஆனால் கதாநாயகனின் முரட்டுத்தனத்துக்குப் பின்னால் காட்டத் தெரியாத அன்பு இருந்தது என்று தெரிந்தால் மன்னித்தார்கள். ராட்வேயின் கவலை அங்கேதான். கொடுமையை மறைந்திருக்கும் அன்பாக வாசிக்கப் புத்தகம் பழக்கினால், வீட்டிலும் அதே கண்ணோடுதானே பார்ப்போம்?

அந்தக் கவலை புதியதும் அல்ல. 1747, 48ஆம் ஆண்டுகளில் சாமுவேல் ரிச்சர்ட்சன் 'கிளாரிசா' நாவலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். கிளாரிசாவை மயக்கி அழைத்துப்போய், மருந்து கொடுத்துக் கெடுத்தவன் லவ்லேஸ். கதை முடியும் முன்னரே வாசகர்கள் ரிச்சர்ட்சனுக்குக் கடிதம் எழுதினார்கள். பிராட்ஷா சீமாட்டி என்பவர் வேறு பெயரில் எழுதி மன்றாடினார்: கிளாரிசா சாகக் கூடாது, லவ்லேஸ் திருந்தி அவளை மணக்க வேண்டும். ரிச்சர்ட்சன் இணங்கவில்லை. திருந்திய போக்கிரியே சிறந்த கணவன் என்ற எண்ணத்தை உடைக்கத்தான் அவர் அதை எழுதியதே. அவன் திருந்துவானா என்ற ஏக்கத்துக்கு இரண்டே முக்கால் நூற்றாண்டு வயதாகிவிட்டது.

நம் பக்கத்திலும் வாசகர்கள் இப்படி ஒரு கதையின் முடிவோடு மோதியிருக்கிறார்கள். ஜெயகாந்தன் 1966ல் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' கதையில், மழையில் காரில் ஏற்றிக்கொண்டவனிடம் தன்னை இழந்து வந்த மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள் தாய். அது எப்படி ஆகும் என்று எழுந்த கூச்சலுக்குப் பதிலாக, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் எழுதியதே 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அன்று நம்மவர்கள் பெண்ணின் தூய்மையைப் பற்றி வாதாடினார்கள். என் அக்கா மகள் ஆணின் செயலைப் பற்றிக் கேட்கிறாள். கேள்வி இடம் மாறியிருப்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

அப்படியானால் இந்தப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடலாம் என்றுகூட முடிவு செய்தேன். போடவிடாமல் செய்தவர் டீச்சர்.

டீச்சருக்கு எழுபத்தொரு வயது. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் எப்படிப்பட்டவர் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். இரவில் அந்த வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டால் நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அந்தக் கணவர் போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. வீட்டுக்கு வந்த டீச்சர், மேசைமேல் கிடந்த இந்தப் புத்தகத்தைக் கேட்டார். கொடுக்கத் தயங்கினேன். "நடுவுல கொஞ்சம் கஷ்டமா இருக்கும் டீச்சர்" என்றேன். "நான் பார்க்காத கஷ்டமா" என்று வாங்கிக்கொண்டு போனார். ஒரு மாதம் திருப்பித் தரவில்லை.

போய்க் கேட்டபோது ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார், மடியில் புத்தகம். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நடுவுல வர்றது எனக்குத் தெரிஞ்சதுதான்மா. அதை ஒரு தடவைதான் படிச்சேன். பின்னாடி, தான் செஞ்சது என்னன்னு அவனுக்கே புரியுது பாரு, அந்தப் பக்கங்களைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எங்க வீட்டுல அவர் சாகறவரைக்கும் ஒரு தடவைகூடச் சொல்லலை. ஆஸ்பத்திரியில கடைசி ராத்திரியும் பக்கத்துலேயே உட்கார்ந்திருந்தேன். இப்பவாவது சொல்லிடுவார்னு."

கையால் அட்டையைத் தடவிக்கொண்டே மேலும் சொன்னார்: "இவன் திருந்தினான்னு எப்படித் தெரியுதுன்னா, அழுததால இல்லை. அவளை ஜெயிலுக்கு அனுப்பற அதிகாரம் கையில இருக்கறப்பவே அவள்கிட்டக் கேட்க ஆரம்பிக்கிறான். எங்க வீட்டுல அழுகைக்குக் குறைச்சலே இல்லை. காலையில காலைப் பிடிச்சு அழுவார். சாயங்காலம் பழையபடி."

டீச்சர் சொன்னதைக் கேட்டபோது, நானும் அக்கா மகளும் இதுவரை எதைத் தவறவிட்டோம் என்று புரிந்தது. பிடித்தது என்றாலே நடந்ததைச் சரி என்கிறோம் என்று அவள் நினைத்தாள். பிடித்ததே போதும், சரியா என்று ஏன் கேட்க வேண்டும் என்று நான் இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டேன். டீச்சருக்கு இரண்டும் தனித்தனி. நடந்தது கொடுமை என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. தன் வாழ்க்கை தராத ஒரு சொல்லை அந்தப் பக்கங்களில் தேடுகிறார். அதற்காக அவர் யாரிடமும் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடக் கூடாது. நாவலில் செபாஸ்டியன் உண்மையாகவே திருந்தினான் என்பதற்குக் கஃப்னி பொறுப்பு. அவன் மனத்துக்குள் நுழைந்து பார்க்க நம்மை அனுமதிக்கிறார். ரேச்சல் நிரபராதி என்பதையும் அவரே நிரூபித்துத் தருகிறார். வீட்டில் அழும் மனிதனின் மனத்துக்குள் அப்படி யாரும் நம்மை அழைத்துப்போவதில்லை. அங்கே நமக்கு இருக்கும் ஒரே அளவுகோல் டீச்சர் சொன்னதுதான்: கையில் இருக்கும் அதிகாரத்தை அவன் என்ன செய்தான்?

சட்டம்கூட அந்த அளவுகோலை மெதுவாகத்தான் கையில் எடுக்கிறது. ரேச்சலின் கணவன், சில நாட்களே நீடித்த அந்தத் திருமணத்தில் படுக்கையில் செய்த கொடுமைக்கு அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் பெயரே கிடையாது. மனைவியைக் கணவன் பலாத்காரம் செய்ய முடியாது என்ற பழைய கொள்கையை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை நீதிமன்றம் 1991ல்தான் நிராகரித்தது. நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும், பதினெட்டு வயதுக்குக் குறையாத மனைவிக்கு நடப்பதை விலக்கிவைக்கும் பழைய விதி தொடர்கிறது. டீச்சருக்கு இது தெரியும். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேனே என்றார்.

எழுதியவர்களே மனம் மாறியதும் உண்டு. ஜூடித் மெக்நாட் 1985ல் வந்த தன் 'விட்னி, மை லவ்' நாவலில் கதாநாயகன் செய்யும் வன்முறையை 1999ஆம் ஆண்டுப் பதிப்பில் மாற்றி எழுதினார். பழையதே வேண்டும் என்றவர்களும் உண்டு, நல்லவேளை மாற்றினார் என்றவர்களும் உண்டு. எனக்கு என் பழைய வாசிப்பை மாற்றி எழுத விருப்பமில்லை. இருபத்தாறு வயதில் அது பிடித்திருந்தது என்பது உண்மை. அதை இல்லை என்றால் அந்தப் பெண்ணை நான் இரண்டாம் முறை ஊமையாக்குகிறேன். அவளுக்கு ஏன் பிடித்தது என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதே நான் செய்ய வேண்டியது.

சென்ற வாரம் டீச்சர் புத்தகத்தைத் திருப்பித் தந்தார். அன்று இரவு ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு நடுப்பகுதிக்குப் போனேன். அக்கா மகள் மடித்திருந்த ஒரு பக்கத்தைப் பிரித்து நீவினேன். 1999ல் ஒரே மூச்சில் தாண்டிப் போன பக்கம். அதன் ஓரத்தில், இத்தனை வருடத்தில் முதல் முறையாக, என் கையெழுத்தில் ஒரு வரி எழுதினேன்: இங்கே யாரும் அவளைக் கேட்கவில்லை.