எண்பதில் எழும் ரீங்காரம்

பொய் சொல்வது தவறு என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். உண்மையை மறைப்பதும் தவறுதான் என்றால், கொஞ்சம் தயங்கியாவது தலையை ஆட்டுகிறோம். ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. உண்மை தனக்குத் தெரிந்துவிடாமல் இருப்பதற்கென்றே மனிதன் எடுத்துக்கொள்ளும் சிரத்தை. அதற்கு என்ன பெயர் வைப்பது? "எனக்குத் தெரியாது" என்று அவன் சொல்லும்போது அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. அந்தத் தெரியாமையைக் கட்டிக் காப்பாற்ற அவன் எவ்வளவு பாடுபட்டான் என்பது மட்டுமே அதில் இல்லை.

இந்தக் கேள்வியை என் தலையில் ஏற்றி வைத்தது வேதாந்த நூல் எதுவும் அல்ல. ஒரு பழைய மோட்டார் கார்.

திருக்கழுக்குன்றத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. பாத்திரக்கடை வைத்திருக்கிறார். நிறையிலோ விலையிலோ அவர் ஒருவரை ஏமாற்றினார் என்று அந்த ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அடி நசுங்கிய சொம்பை அவரே எடுத்துத் தனியாக வைத்துவிடுவார். "இது வேண்டாம் அம்மா, வேறு பாருங்கள்" என்பார். அப்படிப்பட்டவர். அவரிடம் பதினொரு வருஷத்துக் கார் ஒன்று இருந்தது. அதை விற்றுவிட்டு வேறு வாங்க நினைத்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் கார் ரீங்காரம் செய்ய ஆரம்பித்தது.

ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் கேட்காது. செங்கற்பட்டுக்குப் போகிற பதினான்கு கிலோமீட்டரிலும் அவ்வளவாகத் தெரியாது. அந்தச் சாலையில் அத்தனை வேகமாகப் போக முடியாது. மாமல்லபுரம் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி, முள் எண்பதைத் தொட்டால் போதும், தரைக்கு அடியிலிருந்து அது கிளம்பும். சங்கைக் காதில் வைத்துக் கேட்டால் ஒரு முழக்கம் கேட்குமே, ஏறக்குறைய அந்த ஜாதி. (சங்குக்குள் கேட்பது கடல் அல்ல, சுற்றி இருக்கும் சின்னச் சத்தங்களைச் சங்கின் குழிவு பெருக்கித் தருகிறது என்கிறது விஞ்ஞானம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சங்கு பிறக்கும் குளத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் ரசிக்கவில்லை.) வேகம் கூடினால் சுருதி ஏறும்; அறுபதுக்கு இறக்கினால் அடங்கிவிடும்.

முதலில் அவர் சாலையைக் குறை சொன்னார். பிறகு கடல் காற்றை. பிறகு, "பதினொரு வருஷ வண்டி முனகாமல் என்ன செய்யும்? எனக்கே முட்டி முனகுகிறது" என்றார். கடைசியில் ரேடியோவைக் கொஞ்சம் உரக்க வைத்தார். அதோடு ரீங்காரம் நின்றுவிட்டது, அவரைப் பொறுத்தவரை.

"ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடலாமே, அண்ணே" என்றேன் ஒரு நாள்.

அவர் பதில் சொல்வதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காட்டினால் என்னவென்று தெரிந்துவிடும், எழுத்தாளரே. தெரிந்துவிட்டால் வாங்குகிறவரிடம் சொல்லியாக வேண்டும். இப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்வது?"

நேர்மையானவர் பேசுகிற பேச்சு இது என்பதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. போக்கிரியாக இருந்தால், பழுதை நன்றாகத் தெரிந்துகொண்டு, வாய் கூசாமல் "புது வண்டி மாதிரி" என்று விற்றிருப்பான். இவருக்குப் பொய் சொல்ல வராது. அதனாலேயே, பொய் சொல்ல வேண்டிய இடத்துக்குப் போகாமல் இரண்டு தெரு முன்னாலேயே நின்றுகொண்டார். நம்முடைய நேர்மையே நமக்கு இப்படி ஒரு தந்திரத்தைக் கற்றுக்கொடுக்கும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

சட்டம் அவர் பக்கம் இருப்பதாகவே தோன்றும். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் மோசடி என்பதை வரையறுக்கும் 17-வது பிரிவில் ஒரு குதிரை வருகிறது. ஒருவன் தன் குதிரைக்குக் குறை இருப்பதைத் தெரிந்தே ஏலத்தில் விற்கிறான். குறையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இது மோசடி அல்ல என்கிறது சட்டம். வெறும் மௌனம் குற்றமாகாது. தெரிந்தவனுக்கே இந்தச் சலுகை என்றால், தெரியாதவனுக்குக் கேட்பானேன்! ஆனால் அந்தக் குதிரை அதோடு ஓடிப்போய்விடவில்லை. அடுத்த உதாரணத்தில் வாங்குகிறவள் விற்கிறவனுடைய சொந்த மகள், அப்போதுதான் வயதுக்கு வந்து தன் காரியத்தைத் தானே பார்க்கும் உரிமை பெற்றவள். அவளிடம் சொல்ல வேண்டிய கடமை தகப்பனுக்கு உண்டு. அதற்கும் அடுத்ததில் வாங்குகிறவன், 'நீங்கள் மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்' என்கிறான். அங்கே மௌனம் பேச்சுக்குச் சமமாகிவிடுகிறது. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு நல்ல சிறுகதையை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று உதாரணங்களிலும் அதே குதிரை, அதே குறை. மாறுவது, வாங்குகிறவர் நம்மேல் வைத்திருக்கும் நம்பிக்கைதான்.

சட்டம் தொடாத இடத்தைத் தொட்டவர் கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயர். கணித மேதை, முப்பத்து மூன்று வயதிலேயே 1879-இல் காலமானார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், நம்பிக்கையின் தர்மத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல்காரன் வருகிறான். பழைய கப்பல். பழுது பார்க்க வேண்டுமோ என்று அவன் மனத்தில் ஒரு சந்தேகம். எத்தனையோ புயலைத் தாண்டி வந்த கப்பல், இந்த முறையும் வந்துவிடும், தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று தனக்குத் தானே சொல்லிச் சொல்லிச் சந்தேகத்தைத் தூங்க வைக்கிறான். பிழைப்புத் தேடிப் போகும் குடும்பங்களை ஏற்றி அனுப்புகிறான். நடுக்கடலில் கப்பல் மூழ்குகிறது. அவன் இன்ஷ்யூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொள்கிறான். கப்பல் உறுதியானது என்று அவன் மனப்பூர்வமாக நம்பினானே, அவன் மேல் என்ன குற்றம் என்று கேட்டால், அப்படி நம்ப அவனுக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபோர்டு. அந்த நம்பிக்கையை அவன் விசாரித்துச் சம்பாதிக்கவில்லை. சந்தேகத்தின் கழுத்தை நெரித்து அடைந்தான். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளிதான் என்று இன்னும் ஒரு படி மேலே போகிறார். இவரே 1870-இல் சூரிய கிரகணம் பார்க்கப் போன இடத்தில், சிசிலிக் கரை ஓரம் கப்பல் உடைந்து உயிர் தப்பியவர். உட்கார்ந்த இடத்திலிருந்து போதித்தவர் அல்ல.

எங்கோ இங்கிலாந்துக் கப்பலுக்குப் போவானேன்? நண்பருடைய கடை வாசலில் நின்றால் வேதகிரி மலை தெரிகிறது. அதன் மேல் தினமும் உச்சி வேளையில் இரண்டு பறவைகள் வந்து அர்ச்சகர் கையால் உணவு கொண்டு போனதைப் பார்த்தவர்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். கழுகு என்று நாம் சொன்னாலும், பறவை ஆராய்ச்சிக்காரர்கள் மஞ்சள்முகப் பாறு என்று அழைக்கும் வகை. 1990-களோடு அந்த வருகை நின்றுபோயிற்று. "கலி முற்றிவிட்டது" என்றார்கள். அதே காலத்தில் வடக்கே பரத்பூர் சரணாலயத்திலும் வேறு இடங்களிலும் வேறு வகைக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மறைந்துகொண்டிருந்தன. அங்கே சிலர் கலியோடு நிற்காமல், செத்த பறவைகளை எடுத்து அறுத்துப் பார்த்தார்கள். தொற்றுநோயா, பூச்சிமருந்தா, பட்டினியா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, 2004-இல் காரணத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள்: மாட்டின் வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற மருந்து. அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டுவிடுகிறது. 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கான அந்த மருந்தைத் தடை செய்தது. ஆராய்ந்தது வேறு வகைக் கழுகுகளை. அந்த முடிவை அப்படியே தூக்கி வேதகிரி மலைப் பறவைகள் மேல் நான் ஏற்றமாட்டேன். நான் சொல்ல வருவது வேறு. 'கலி முற்றிவிட்டது' என்பது ஒரு பதில் போல இருக்கிறதே தவிர, பதில் அல்ல. மேற்கொண்டு யாரும் கேட்காதபடி கதவைச் சாத்தும் தாழ்ப்பாள் அது. 'பழைய வண்டி முனகத்தான் செய்யும்' என்பதும் அதே தாழ்ப்பாள்தான்.

நண்பரின் தாழ்ப்பாளைத் திறந்தது என் வாதங்கள் அல்ல. வாங்க வந்த பிள்ளை. சதுரங்கப்பட்டினத்துக்காரன், தாயாரை மாதத்தில் இரண்டு தரம் சென்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருப்பதால் கார் தேடிக்கொண்டிருந்தான். குன்றத்தைச் சுற்றி இரண்டு தெரு ஓட்டிப் பார்த்தான். அந்த வேகத்தில் ரீங்காரம் எங்கே கேட்கப் போகிறது! இறங்கி வந்து, "மெக்கானிக் யாரையும் கூட்டி வரலைங்க ஐயா. உங்க வண்டி. ஏதாச்சும் இருந்தா நீங்களே சொல்லிடுவீங்க" என்றான்.

சட்டத்தின் மூன்றாவது உதாரணத்தை அந்தப் பிள்ளை படித்திருக்க நியாயம் இல்லை. நண்பர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். "ரெண்டு நாள் கழித்து வா, தம்பி" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஒரு மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் வழியாகக் கடற்கரைச் சாலைக்குப் போனோம். அந்த மனிதர் குற்றம் விசாரித்த முறையை நான் சுலபத்தில் மறக்கமாட்டேன். எண்பதில் ஓட்டியபடி ஐந்தாவது கியரிலிருந்து நாலாவதற்கு மாற்றினார். எஞ்சின் சுழற்சி கூடியது. ரீங்காரம் அப்படியே இருந்தது. "எஞ்சின் மேல பழி இல்லை" என்றார். புதுத் தார் போட்ட இடத்திலும் பழைய சொரசொரப்பான இடத்திலும் மாறி மாறிக் காது கொடுத்தார். சாலைக்குத் தக்கபடி சுருதி மாறினால் டயரைச் சந்தேகிக்கலாம், மாறவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் ருசி. சாலை இடப்புறம் வளையும்போது ரீங்காரம் கொஞ்சம் அடங்கிற்று. வலப்புறம் வளையும்போது எழும்பிற்று.

"வலப்பக்கம்தான், அப்பவே சொன்னேனே! என் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கிறது" என்றார் நண்பர்.

"இல்லை முதலாளி. வலது பக்கம் வளைஞ்சா பாரம் இடது சக்கரத்து மேல போகும். பாரம் ஏறினா எது கத்துதோ, அதுதான் நொந்திருக்கு. சத்தம் பாடி வழியா எங்கே வேணா ஓடும். காதை நம்பக் கூடாது."

திரும்பி வந்து, ஜாக்கி வைத்து இடது முன் சக்கரத்தைத் தூக்கினார். ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கையைச் சுருள்வில்லின் மேல் வைத்துக்கொண்டார், நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பொடி மணலை அரைக்கிறாற்போல ஒரு நறநறப்பு விரலுக்குத் தெரிந்தது. வலப்பக்கத்துச் சக்கரத்தில் அது இல்லை. வீல் பேரிங் தேய்ந்துவிட்டது. இப்படியே விட்டால் ஆட்டம் கண்டு, கெட்ட நேரம் வந்தால் வேகத்தில் சக்கரமே இறுகிப்போகும் அல்லது கழன்று போகும் என்றார். ஓட்டிப் பார்த்தது, தூக்கிப் பார்த்தது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். எத்தனையோ மாதங்களாகத் தெரியாமல் இருந்தது, தெரிந்துகொள்ள இவ்வளவுதான் பிடித்தது.

நண்பர் தம் செலவிலேயே புதுப் பேரிங் போட்டார். பிள்ளை வந்தபோது பழையதை ஒரு காகிதத்தில் வைத்து முன்னால் நீட்டி, நடந்ததைச் சொன்னார். அதை எதற்குக் காட்டினார் என்று கேட்டேன். "அடி நசுங்கிய சொம்பு" என்றார்.

ஆனாலும் அவர் என்னிடம் சும்மா விடவில்லை. "எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துத்தான் விற்க வேண்டும் என்றால், உலகத்தில் ஒரு பழைய சாமானும் கைமாறாது. என் கடையில் எத்தனை பாத்திரம்! ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றிப் பார்க்க முடியுமா?" என்றார். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் தோண்டிப் பார் என்று எந்தத் தர்மமும் மனிதனைக் கேட்க முடியாது. கேட்காத சத்தத்துக்கு அவர் பொறுப்பாளி அல்ல. கேட்ட பிறகு ரேடியோவைத் திருகினாரே, அந்தக் கணத்திலிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதையும் அவர் பாதிதான் ஒப்புக்கொண்டார்.

மீதிப் பாதிக்கு அவர் வைத்திருக்கும் வாதம் இது: "சரி, தூக்கிப் பார்த்தபோது வெறும் டயர் தேய்மானம்தான் என்று தெரிந்திருந்தால்? அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததில் யாருக்கு என்ன நஷ்டம்?" கிளிஃபோர்டைச் சொன்னேன், கரை சேர்ந்த கப்பலைச் சொன்னேன். "கரை சேர்ந்த கப்பலுக்கு எவன் வழக்குப் போடுவான்?" என்கிறார். போன வாரங்கூடக் கடையில் உட்கார்ந்து இதையே பேசினோம். வியாபாரம் நடுநடுவே குறுக்கிட்டதால் முடிவுக்கு வரவில்லை.