கொடாததைக் கொள்ளல்

ஓசூர் சிப்காட்டில் வேலையிழந்து ஊர் திரும்பும் இளைஞர் ஒருவர், தம் தமையனார் விட்டுச்சென்ற மின்கிதாருக்கு ரூ. 8,000 கேட்டார். நம் பெயரன் கழுத்து வளையாதிருப்பதையும் மெட்டுகளின் தேய்வையும் பார்த்தான். மலிவான ஸ்குவையர் அன்று, மெக்சிகோவில் செய்த ஃபெண்டர். "30,000 பெறும்" என்று நம் காதில் கூறினான்.

சமந்தபத்திரர் களவாமை விரதத்துக்குக் கூறிய ஐந்து அதிசாரங்களுள் திருட்டுப் பொருள் வாங்குதல் உண்டு, போலி கலத்தல் உண்டு, அளவில் வஞ்சித்தல் உண்டு. விலையறிந்தவர் வாய்மூடி இருத்தல் இல்லை. ஆயினும் கொடாததைக் கொள்ளலே களவு. மதிப்பறியாதவர் 8,000 பெறும் பொருளையே கொடுக்கிறார்; எஞ்சியதை நாமே எடுத்துக்கொள்கிறோம் அல்லவா? இருவரும் அறிந்து பேரம் பேசுவது வேறு.

பெயரனையே உண்மை கூறச் செய்தோம். இளைஞர் 25,000 கேட்டார். பெயரனிடம் அவ்வளவு இல்லை. கிதார் பெங்களூருக்குப் போயிற்று. இரண்டு நாள் அவன் நம்மோடு பேசவில்லை.