சொன்னால் என்ன ஆகும்?

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் மலையகத்துக்குக் கேள்வி கேட்க வந்தவர்களுக்கு ஒரு காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. முன்பு, ஆட்களைத் திரட்டி வந்த கங்காணி கேட்டார்: எந்த ஊர், யார் மகன், எவ்வளவு கடன். பதில் ‘துண்டு’ என்ற காகிதத்தில் ஏறியது. கடன் இவ்வளவு என்று எழுதிய அந்தத் துண்டு கையில் இல்லாமல் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921-ல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. பிறகு அரசாங்கம் கேட்டது. 1948-ன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிவிட்ட மக்களிடம், 1949-ல் வந்த இன்னொரு சட்டம், ‘தொடர்ந்து இங்கேதான் இருந்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி எங்கே’ என்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு. 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அதற்குப் பிறகும் நாடற்றவர்களாக இருந்தவர்களுக்கு 2003-லும் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது.

தலைமுறை தலைமுறையாக இங்கே ஒருவர் வாய்திறந்து சொன்னது யாரோ ஒருவருடைய காகிதத்தில் ஏறி, சொன்னவரின் வாழ்க்கையையே திசை திருப்பியிருக்கிறது. பதில் சொல்லும் முன் ‘இதச் சொன்னா என்னா ஆகும்?’ என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் அப்படி வந்ததுதான்.

இப்போது கேள்வியோடு வருபவர்களில் பல்கலைக்கழகத் தொண்டர்களும் உண்டு. அவர்களுக்கு மற்றவர் பேச்சைச் செவிமடுக்கவும் பன்மைத்துவத்தை மதிக்கவும் பயிற்சி தரும் செயலமர்வுகளில் நான் வளவாளராக நிற்பதுண்டு. நல்ல பிள்ளைகள். விடுமுறையைக் கொடுத்துவிட்டு, நுவரெலியாக் குளிரில் நடுங்கிக்கொண்டு, ஏதாவது செய்ய வேண்டும் என்று வருகிறார்கள். எல்லோரும் ஒரே நிறத்தில் டீ-சேர்ட் போட்டிருப்பார்கள், கையில் படிவம் இருக்கும். லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் போய், “உங்களுக்கு என்ன பிரச்சினை அம்மா?” என்பார்கள். “ஒரு கொறையும் இல்ல தம்பி, நல்லாத்தான் இருக்கோம். தண்ணி குடிக்கிறீங்களா?” என்பார் அவர். பிள்ளை படிவத்தில் ‘பிரச்சினை இல்லை’ என்ற கட்டத்தில் குறி போடும்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை, கூச்சப்படவும் இல்லை. லயத்தில் ஒரு காம்பிராவுக்கும் அடுத்த காம்பிராவுக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். பக்கத்து வீட்டில் இருப்பவர் கங்காணியின் மைத்துனராக இருக்கலாம், கடன் கொடுத்தவராக இருக்கலாம். இஸ்தோப்பில் வைத்து, முன்பின் தெரியாத ஒருவரிடம், அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது, மகன் குடித்துவிட்டு அடிப்பதையோ நகை அடகுக்கடையில் மூழ்கிப்போனதையோ விவரம் தெரிந்த எவரும் சொல்ல மாட்டார். ‘நல்லாத்தான் இருக்கோம்’ என்பது அந்த இடத்துக்கு மிகப் பொருத்தமான, யோசித்துச் சொன்ன பதில்.

செவிமடுக்கும் பயிற்சியில் நாம் வழக்கமாகக் கற்றுக்கொடுப்பது என்ன? கண்ணைப் பார், தலையை ஆட்டு, குறுக்கே பேசாதே, அவர் சொன்னதை உன் வார்த்தையில் திருப்பிச் சொல், தீர்ப்புக் கூறாதே. இந்த வகைப் பயிற்சியின் வேர், 1957-ல் கார்ல் ரொஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் சேர்ந்து எழுதிய ஒரு சிறிய நூல். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தொழிலுறவு மையம் அதை வெளியிட்டது. ரொஜர்ஸ் பெயர்பெற்ற உளவியலாளர் என்பதால் அந்த நூலை உளவளத்துணைக்காக எழுதியது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது வேலைத்தளத்துக்காக, தொழிலாளியின் பேச்சை மேற்பார்வையாளர் எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இது பெரிய விஷயம். பெரட்டுக்களத்தில் நின்று பேர் வாங்கும் ஒரு பெண் சொல்வதைக் கணக்கப்பிள்ளை எப்படிக் கேட்க வேண்டும் என்பதுதான் அந்த நூலின் கேள்வி என்று நான் படித்துக்கொள்கிறேன். அதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. உண்மையாகக் கேட்பவருக்கு ஆபத்து இருக்கிறது, மற்றவர் சொல்வதைக் கேட்டுத் தானே மாறிவிடும் ஆபத்து. தலையாட்டக் கற்றுக்கொடுக்கும் செயலமர்வுகள் இந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை.

இதைவிடப் பெரிய பாடம் எனக்கு இன்னொரு இடத்தில் கிடைத்தது. 1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுபவர்கள் தன்னைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்று அறிவித்தார். வந்தவர்கள் காத்திருக்கும் நேரத்தில் அவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில தொண்டர்களை வைத்துக்கொண்டார். தேநீரைக் குடித்து, அந்தத் தொண்டர்களிடம் மனம்விட்டுப் பேசிய பலர், பாதிரியாரைப் பார்க்காமலே ஆறுதலோடு திரும்பிப் போனார்கள். படித்த நிபுணரால் ஆகாதது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவரால் ஆனது. அதிலிருந்து வளர்ந்ததுதான் சமரிட்டன்ஸ் அமைப்பு. இலங்கையில் அதே வழியில் ஜோன் டி மெல் அம்மையார் 1974-ல் சுமித்திரயோவைத் தொடங்கினார்.

இதில் அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. வாரா தொடங்கிய நாளில் இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி சட்டப்படி குற்றம். 1961-ல்தான் அது மாறியது. இலங்கையில் 1998 வரை அது குற்றம். அப்படியானால் முதல் இருபத்துச் சொச்ச ஆண்டுகள் சுமித்திரயோ தொண்டர்கள் கேட்டது, வெளியே தெரிந்தால் பொலிஸ் வரை போகக்கூடிய பேச்சை. அவர்களுடைய முதல் விதி இரகசியம் காப்பது. அந்த உறுதிமொழி இல்லாமல் எவ்வளவு நேர்த்தியாகத் தலையாட்டியிருந்தாலும் எவரும் வாய்திறந்திருக்க மாட்டார்கள். 1970-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நைட்லைன், மாணவர்களுக்காக மாணவர்களே இரவில் விழித்திருந்து கேட்கும் சேவை. அங்கும் அழைப்பவர் பெயர் சொல்லத் தேவையில்லை.

பன்மைத்துவப் பயிற்சியையும், சொல்ல ஏன் பயம் என்று கேட்கும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. இப்போது அது பெரும்பாலும் சுவரில் ஒட்டும் நான்கு படங்களோடு முடிந்துவிடுகிறது: பொங்கல், வெசாக், றமழான், நத்தார். எல்லோரும் ஒரு பாட்டுப் பாடிப் பலகாரம் சாப்பிட்டுக் கலைகிறார்கள். பலகாரம் நல்லதுதான். ஆனால் பக்கத்தில் இருப்பவர் எதற்குப் பயந்து பேசாமல் இருக்கிறார் என்பது அதில் தெரிய வராது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை “எந்த இடம்?” என்று கேட்டால், தோட்டத்துப் பிள்ளை “ஹட்டன்” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். தோட்டத்தின் பெயர் வாயில் வராது. முல்லைத்தீவுப் பிள்ளை போர் முடிந்த 2009 பற்றிய பேச்சு வந்ததும் எழுந்து வெளியே போகும். முஸ்லிம் மாணவி, 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பஸ்ஸில் தன் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்ததை எவரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். மொனராகலையிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வாய்திறந்தால் சிரிப்பார்களோ என்ற பயம். ஒவ்வொருவரிடமும் ‘சொன்னால் என்ன ஆகும்’ என்ற கணக்கு இருக்கிறது, விடைதான் வேறு. அந்தக் கணக்கை மதிக்கத் தெரிந்தவரைத்தான் பன்மைத்துவம் அறிந்தவர் என்பேன்.

செயலமர்வில் இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் பேச மற்றவர் கேட்கும் பயிற்சி உண்டு. ஒருமுறை பொகவந்தலாவைப் பக்கத்துப் பையன் பேச, மாத்தறை மாணவி கேட்டாள். இருவருக்கும் மற்றவர் மொழி கொஞ்சம் கொஞ்சம் தெரியும். அவன் பள்ளிக்கூடம் போன கதையைச் சொன்னான். மேல் டிவிஷனிலிருந்து சேற்றில் இறங்க வேண்டும் என்பதால் வெள்ளைச் சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு செருப்போடு வருவானாம். தார் ரோட்டுக்கு வந்ததும் பீலித் தண்ணீரில் காலைக் கழுவி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேயிலைச் செடிக்கடியில் ஒளித்து வைப்பானாம். அவள் முகம் வாடி, “அனே, பவ்” என்றாள். பையன் அதோடு நிறுத்திவிட்டான். நான் அவளைக் குறை சொல்லவில்லை, அந்த இரக்கம் உண்மையானது. ஆனால் ‘பாவம்’ என்றதும் அவன் பாவப்பட்டவனாகிவிட்டான், கதை முடிந்துவிட்டது. சற்றுப் பொறுத்து அவளே கேட்டாள்: “செருப்பை யாரும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா?” அவன் சிரித்துவிட்டான். அந்த வழியில் போகும் எல்லாப் பிள்ளைகளின் செருப்பும் அங்கேதான் இருக்குமாம். ஒன்றுகூடக் களவு போனதில்லையாம். எந்தச் செடிக்கடியில் யாருடைய செருப்பு என்று கொழுந்து பறிக்கும் பெண்களுக்கெல்லாம் தெரியுமாம். அதற்குப் பிறகு அவன் நிறுத்தவே இல்லை. அந்த மலையில் வேலை செய்யும் அம்மாவைப் பற்றிச் சொன்னான். கடைசியில் அந்தத் தோட்டத்தின் பெயரையும் சொன்னான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் வயதானவர்கள் நேராகப் பேச்சுக்கு வர மாட்டார்கள். ஒரு பெரியம்மா, மாடு செத்த கதையில் தொடங்கி, திருவிழாவுக்குத் தேர் இழுத்தது, பழைய துரை நாய் வளர்த்தது என்று எங்கெங்கோ போனார். கேட்டுக்கொண்டிருந்த மாணவி கடிகாரத்தைப் பார்க்கவில்லை, படிவத்தையும் எடுக்கவில்லை. கொழுந்து மடுவத்திலிருந்து இருவரும் மெதுவாகப் பாதையில் ஏறி வந்தார்கள். லயம் கண்ணுக்குத் தெரிவதற்கு முந்திய வளைவில் பெரியம்மா நின்று, “குவைத்துக்குப் போன மக போன் பண்ணி மூணு மாசமாச்சு கண்ணு” என்றார். மாட்டுக் கதையை ‘விஷயத்துக்கு வாங்க பாட்டி’ என்று வெட்டியிருந்தால் இந்த வார்த்தை வந்திருக்காது. இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்காது. எங்கே பேசுவது, எப்போது பேசுவது என்பதை அவரே தேர்ந்துகொண்டார். மலையகத்தில் கேட்கப் பழக வேண்டியவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, கூட நடங்கள் என்பது.

மக்கள் வாயடைத்துப் போனவர்கள் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. 2023-ல், மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, ஜூலை கடைசியில் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்டில் மாத்தளையில் முடிந்த நடைபயணத்தில், எவரும் கேள்வித்தாள் நீட்டாமலே அவர்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். இடமும் வேளையும் தாங்களே தீர்மானித்தபோது குரல் தாராளமாக வந்தது.

இரகசியம் காப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. குழந்தைக்குத் தீங்கு நடப்பதாகக் கேட்டால் தொண்டர் அதை மனசுக்குள் பூட்டி வைக்க முடியாது, சிறுவர் உதவி இலக்கமான 1929-க்குச் சொல்லியாக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் மனநல உதவி இலக்கமான 1926 இருக்கிறது. இந்த எல்லையைப் பேச்சின் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் சொல்லவைத்துவிட்டுப் பிறகு ‘இதை நான் அறிவிக்க வேண்டும்’ என்பது, இந்த மக்கள் ஏற்கெனவே நன்றாக அறிந்த துரோகம்.

ஆகவே பல்கலைக்கழகங்களில் இந்தப் பயிற்சியை நடத்துபவர்களிடம் எனக்குச் சில கோரிக்கைகள் உண்டு. தலையாட்டும் பயிற்சிக்கு முன், துண்டு முறையையும் 1948-ஐயும் ஒரு காலைப் பொழுது முழுவதும் சொல்லிக்கொடுங்கள். முதல் முறை தோட்டத்துக்குப் போகும்போது படிவத்தை பஸ்ஸிலேயே விட்டுச் செல்லுங்கள். புள்ளிவிவரம் வேண்டுமென்றால் அதற்கு வேறு நாள் வையுங்கள். ஒரே தோட்டத்துக்கு, அதே பிள்ளைகளை, மறுபடியும் மறுபடியும் அனுப்புங்கள். ஒரு தடவை வந்து போகிறவரிடம் எவரும் வளைவில் நின்று பேச மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டத்திலிருந்து வந்து உங்கள் வளாகத்திலேயே படிக்கும் பிள்ளைகளை வளவாளர்களாக முன்னால் நிறுத்துங்கள். அவர்களுக்குக் கொடுப்பனவும் கொடுங்கள்.