இன்னும் இல்லாத ஒன்றின் விலை

தச்சனிடம் கட்டிலுக்கு முன்பணம் கொடுக்கிறோம். கட்டில் என்றால் என்ன என்பது அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அவன் தாமதிக்கலாம், மரத்தில் ஏமாற்றலாம், பணத்தோடு ஊரைவிட்டே போகலாம். இவற்றுக்கெல்லாம் நம்மிடம் பழைய பெயர்கள் இருக்கின்றன. ஆனால் இதுவரை உலகத்தில் இல்லாத ஒன்றை, செய்பவனே செய்து முடித்த பிறகுதான் இன்னதென்று அறியக்கூடிய ஒன்றை, தேதியும் தொகையும் குறித்து ஒருவன் முன்கூட்டி விற்கும்போது கைமாறுவது என்ன? அது வராமல் போனால் நடந்தது திருட்டா, தோல்வியா, நாம் இன்னும் பெயர் வைக்காத வேறொன்றா?

கவிதை எழுதுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி எழ வாய்ப்பில்லை. நம் கவிதைகளுக்காக யாரும் முன்பணத்தோடு வரிசையில் நிற்கவில்லை. கேள்வி அப்பட்டமாக எழுந்திருக்கும் இடம் வீடியோ விளையாட்டு. பையன்கள் சமாசாரம் என்று ஒதுக்கிவிடுவது சௌகரியம்தான். ஆனால் கதை எழுதுபவன், ஓவியன், இசைக்காரன், கணினி நிரல் எழுதுபவன் என்று ஒரு சிறு கூட்டம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உழைத்து உண்டாக்கும் காரியம் அது. அந்த ஆண்டுகளின் சாப்பாட்டுச் செலவை யார் தருவது என்பது அங்கே முதல் பிரச்னை. வெகுகாலம் வெளியீட்டு நிறுவனங்கள் தந்தன. தந்ததாலேயே எது செய்யப்பட வேண்டும் என்பதையும் அவையே தீர்மானித்தன. 2009 ஏப்ரலில் நியூயார்க்கிலிருந்து தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் இந்த இடைமனிதனை விலக்க ஒரு வழி காட்டியது. செய்ய நினைப்பவன் தன் திட்டத்தையும் வேண்டிய தொகையையும் இணையத்தில் அறிவிக்கிறான். பிடித்தவர்கள் பத்து, ஐம்பது, நூறு டாலர் என்று தருவதாக ஒப்புக்கொள்கிறார்கள். கெடுவுக்குள் தொகை நிறைந்தால் பணம் அவனுக்கு. கிக்ஸ்டார்ட்டருக்கு நூற்றுக்கு ஐந்து. நிறையாவிட்டால் யாரிடமிருந்தும் ஒரு காசுகூடப் பிடிக்கப்படுவதில்லை.

இந்தக் கடைசி விதி நியாயத்தின் உருவமாகவே தோன்றுகிறது. கோளாறும் அதிலிருந்துதான் தொடங்குகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

டிம் ஷேஃபர் கதைப்போக்குள்ள சாகஸ விளையாட்டுகளில் பெயர் பெற்றவர். 1998-ல் வந்த ‘கிரிம் ஃபண்டாங்கோ’ அவருடையது. அவ்வகை விளையாட்டுக்கு இனிச் சந்தை இல்லை என்று வெளியீட்டாளர்கள் முடிவு கட்டிவிட்ட நிலையில், 2012 பிப்ரவரியில் அவருடைய ‘டபுள் ஃபைன்’ நிறுவனம் ரசிகர்களிடம் நேராக 4 லட்சம் டாலர் கேட்டது. 3 லட்சம் விளையாட்டுக்கு; 1 லட்சம் அது உருவாவதைப் படமெடுக்க. முதல் நாளிலேயே தொகை நிறைந்துவிட்டது. ஒரு மாதத்தில் 87,000 பேரிடமிருந்து 33 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. தருவதாகச் சொன்ன மாதம் அதே ஆண்டு அக்டோபர். 2013 ஜூலையில் ஷேஃபர் பணம் தந்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். திட்டம் பெருத்துவிட்டது, இருக்கும் பணம் போதாது, விளையாட்டை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை விற்று வரும் காசில் மறுபாதியை முடிக்க உத்தேசம் என்றார். ‘புரோக்கன் ஏஜ்’ என்ற பெயரில் முதல் பாதி 2014 ஜனவரியிலும் இரண்டாம் பாதி 2015 ஏப்ரலிலும் வந்தன.

கேட்டதைப்போல் எட்டு மடங்கு வந்தும் போதவில்லை. இதை ஊதாரித்தனம் என்று பலர் ஏசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 3 லட்சத்துக்கு ஒரு சிறிய காரியம் மனதில் இருந்தது. 33 லட்சம் வந்தபின் அந்தச் சிறிய காரியத்தையே செய்திருந்தால், மீதியை என்ன செய்தாய் என்ற கேள்வி வந்திருக்கும். பணம் தந்தவர்களின் எண்ணிக்கையே திட்டத்தை ஊதச் செய்தது. தவிர, அந்தப் படமெடுப்பு ஒரு விசித்திரமான காரியத்தைச் செய்தது. தாமதத்தையும் கணக்குப் பிசகியதையும் ஒரு அறைக்குள் மனிதர்கள் முகம் வெளிறி உட்கார்ந்திருப்பதையும் காசு கொடுத்தவன் பார்க்க முடிந்தது. விளையாட்டைவிட அந்தப் படமே மேலானது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

இப்போது அந்த விதிக்கு வரலாம். தொகை நிறையாவிட்டால் ஒன்றும் கிடையாது என்பதால், உண்மையில் தேவைப்படும் தொகையைக் கேட்க எவனும் துணிவதில்லை. கிடைக்கக்கூடிய தொகையைக் கேட்கிறான். பல இடங்களில் கேட்கப்படும் தொகை ஒரு அறிமுகக் கடிதம் மட்டுமே: ‘இத்தனை பேர் ஆவலாயிருக்கிறார்கள் பாருங்கள்’ என்று பெரிய முதலீட்டாளனிடம் எடுத்துப் போகக்கூடியது. தருபவன் விளையாட்டுக்கு விலை தருவதாக எண்ணிக்கொண்டிருக்கிறான். இந்தப் பிழை வாங்குபவனுக்குத் தெரிந்தே நடக்கிறது.

நாவலாசிரியர் நீல் ஸ்டீஃபன்சன் இதில் சிக்கினார். வாட்போரை அசலான தன்மையோடு ஆட ஒரு விளையாட்டு, பெயர் ‘க்ளாங்’. 2012-ல் 5 லட்சம் டாலர் கேட்டு 5 லட்சத்து 26 ஆயிரம் பெற்றார். ஒரு முன்மாதிரி உருவாயிற்று. அதைக் காட்டி மேற்கொண்டு முதலீடு திரட்டுவது என்பது எண்ணம், முதலீடு வரவில்லை. 2013 செப்டம்பரில் வேலை நின்றது. 2014 செப்டம்பரில் இனி இல்லை என்று அறிவித்தார். வாள்வீச்சின் சரித்திர உண்மையில் தான் அதிகம் கருத்துச் செலுத்திவிட்டதையும், முன்மாதிரி ஆடுவதற்குப் போதிய சுவாரசியம் தரவில்லை என்பதையும் அவரே எழுதினார். பணத்தைத் திருப்பிக் கேட்ட சிலருக்குத் திருப்பித் தந்தார். தன் பங்குக்கு நஷ்டமும் பட்டார்.

கடனைத் திருப்பித் தர முடியாது என்று தெரிந்தே, தருவேன் என்று வாக்குக் கொடுத்துக் கடன் வாங்குபவனைக் கான்ட் 1785-ல் உதாரணமாக எடுத்துக்கொண்டார். எல்லோரும் அப்படிச் செய்தால் வாக்கு என்ற ஒன்றே இல்லாமல் போகும் என்பது அவர் தர்க்கம். ஆனால் ஸ்டீஃபன்சன் அந்த மனிதர் இல்லை. முடியாது என்று அவருக்குத் தெரியாது. முடியும் என்றும் தெரியாது. முடியும் என்று நம்பினார், அவ்வளவுதான். கான்டின் தராசில் நிறுக்க முடியாத ஜாதி வாக்கு இது. செய்யப்படாத சிருஷ்டியைப் பற்றி அதைச் செய்பவன் சொல்லும் எந்த வாக்கியமும் பொய்யுமில்லை, மெய்யுமில்லை. ஒரு ஆசையின் இலக்கண வடிவம்.

அப்படியானால் அவன் எதற்குக் கடமைப்பட்டவன்? படைப்புக்கு என்றால் முடியாததைக் கோருகிறோம். ஒன்றுக்கும் இல்லை என்றால் எந்த மோசடிக்காரனும் கலைஞன் வேஷத்தில் தப்பித்துக்கொள்ளலாம். எனக்குத் தோன்றுவது, அவன் தரவேண்டியது தான் அறிந்ததை அறிந்தபோது சொல்லும் செய்தி. இது முடியாது என்று அவனுக்குத் தெரிந்த நாளுக்கும் அதை அவன் வெளியே சொன்ன நாளுக்கும் நடுவே என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை வைத்துத்தான் அவனை எடைபோட வேண்டும்.

சொல்வது எளிது. ஒரு நாவல் எழுதிக்கொண்டிருப்பவன் இருநூறாவது பக்கத்தில் இது தேறாது என்று உணர்கிறான். மறுநாள் காலை அந்த உணர்வைத் தன்னிடமிருந்தே மறைத்துக்கொண்டு இருநூற்று ஒன்றாம் பக்கத்தை எழுதுகிறான். எழுதி முடித்த நாவல்களில் பெரும்பாலானவை இந்தச் சுயவஞ்சனையால்தான் முடிந்திருக்கின்றன. அந்த இருட்டு அவனுக்குத் தேவை. அதற்குள் பல்லாயிரம் பேரை, ஒவ்வொருவரும் இருபது டாலர் தந்த உரிமையோடு, விளக்கை எடுத்துக்கொண்டு நுழையச் செய்வதுதான் இந்தத் திரள்நிதி முறை. சந்தேகத்தைத் தினமும் வெளியே சொன்னால் வேலை சாகும். சொல்லாவிட்டால் அது ஏமாற்று. ‘தெரிந்த நாள்’ என்று ஒன்றைக் குறிப்பதே சிரமம். அந்த நாள் நேர்மையுள்ளவனுக்கும் மங்கலாகத்தான் இருக்கும்.

இது ஏதோ இணையத்தோடு பிறந்த நோய் என்று எண்ண வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் சந்தா சேர்த்துப் புத்தகம் போடுவது சாதாரண வழக்கம். ஸாமுவேல் ஜான்ஸன் 1756-ல் ஷேக்ஸ்பியர் பதிப்புக்குச் சந்தா கேட்டார். 1757 முடிவதற்குள் வரும் என்றார். வந்தது 1765 அக்டோபரில். நடுவில் 1762-ல் சார்லஸ் சர்ச்சில் என்ற கவிஞன், காசு வாங்கியாயிற்று, புத்தகம் எங்கே என்று செய்யுளிலேயே கிண்டல் செய்தான். சந்தாதாரர் பட்டியலை ஏன் அச்சிடவில்லை என்றதற்கு, பெயர்கள் தொலைந்துவிட்டன, பணமும் செலவாகிவிட்டது என்று ஜான்ஸன் சொன்னதாக பாஸ்வெல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. இன்று அந்த முன்னுரையைப் படிக்கிறவர்கள் யாருக்கும் எட்டு வருஷத் தாமதம் பொருட்டில்லை. ஆனால் அந்த எட்டு வருஷத்தில் செத்துப்போன சந்தாதாரன் ஒருவனாவது இருந்திருப்பான். பின்வந்த தலைமுறைகள் அடைந்த லாபத்தைக் காட்டி அவன் கணக்கைத் தீர்த்துவிட முடியாது. வாக்கு கொடுக்கப்பட்டது அவனுக்கு.

(நம் சிறுபத்திரிகைகளுக்கு ஆண்டுச் சந்தா கட்டி, மூன்றாம் இதழுக்குப்பின் எதுவும் வராமல், அதைப்பற்றி ஒரு தபால் அட்டைகூடப் போடாமலிருந்தவர்கள் இதைப் படிப்பவர்களில் இருப்பார்கள். அவர்கள் கட்டியது பத்திரிகையின் விலையா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ‘இதழ் நின்றுவிட்டது’ என்று ஒரு வரி எழுதத் தபால் செலவு அதிகமாகியிராது.)

சட்டம் இதில் மெதுவாகவே நுழைந்திருக்கிறது. கிக்ஸ்டார்ட்டர் 2012 செப்டம்பரில், தான் ஒரு கடை இல்லை என்று அறிவித்துக் கைகழுவப் பார்த்தது. 2014-ல் திருத்திய விதிகளில், முடிக்க முடியாதவன் பணம் எப்படிச் செலவாயிற்று என்று விளக்கி, எஞ்சியதைத் திருப்ப வேண்டும் என்று சேர்த்தது. 2015-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஒரு பலகை விளையாட்டு விவகாரத்தில் முதன்முறையாக நடவடிக்கை எடுத்தது. சேர்ந்த 1 லட்சத்து 22 ஆயிரம் டாலரில் பெரும்பகுதி வீட்டு வாடகைக்கும் இடம் மாறும் செலவுக்கும் போயிற்று என்பது குற்றச்சாட்டு. அதே ஆண்டு பென்ஸில்வேனியா பல்கலைக்கழகத்து ஈதன் மாலிக் பணம் தந்தவர்களில் ஏறத்தாழ 47,000 பேரை விசாரித்து, வென்ற திட்டங்களில் நூற்றுக்கு ஒன்பது வாக்களித்ததைத் தரவில்லை என்று கணக்கிட்டார். ஒன்பது எனக்கு ஆச்சரியம் தரவில்லை. மீதித் தொண்ணூற்று ஒன்று எப்படி முடிந்தன என்பதுதான் ஆச்சரியம்.

ஆனால் முடியாமல் போனதைவிட என்னைச் சங்கடப்படுத்துவது, முடியத் தேவையில்லாமல் போனது. கிறிஸ் ராபர்ட்ஸ் 2012 அக்டோபரில் ‘ஸ்டார் சிட்டிஸன்’ என்ற விண்வெளி விளையாட்டை அறிவித்தார். கிக்ஸ்டார்ட்டரில் 21 லட்சம் டாலர் வந்தது. கெடு 2014 நவம்பர். வசூல் அதோடு நிற்கவில்லை. விளையாட்டுக்குள் ஓட்டப்போகும் விண்கலங்களைத் தனித்தனியே விற்றார்கள். சில கலங்கள் விற்கப்பட்டபோது ஓவியமாக மட்டுமே இருந்தன. 2018-ல் எல்லாக் கலங்களும் சேர்ந்த ஒரு தொகுப்பு 27,000 டாலர். 2022-ல் மொத்தம் 50 கோடி டாலரைத் தாண்டியது, 2024-ல் 70 கோடியை. 2025 முடியும்போதும் அது முழு விளையாட்டாக வெளிவரவில்லை. அரைகுறை வடிவத்தை ஆயிரக்கணக்கானோர் ஆடுகிறார்கள், சந்தோஷமாகவே ஆடுகிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. தகவலும் வாராவாரம் வருகிறது. நான் மேலே சொன்ன கடமை, எழுத்தளவில் அங்கே நிறைவேற்றப்படுகிறது. ஆனாலும் ஏதோ உறுத்துகிறது. அங்கே எதிர்பார்ப்பே பண்டமாகிவிட்டது. முடித்துக் கொடுக்கும் நாளில் அந்த வியாபாரம் மூடப்படும். தன் படைப்பை முடிப்பது தனக்கே நஷ்டம் என்ற நிலையில் ஒரு கலைஞனை வைத்துவிட்டால், அவனுடைய நேர்மையை அவனாலேயே சோதிக்க முடியாது. ‘இன்னும் மெருகேற்றுகிறேன்’ என்று அவன் சொல்லும்போது பேசுவது கலையா கல்லாவா என்று அவன் எப்படி அறிவான்? ஸ்டீஃபன்சனுக்கு அந்த ஆபத்து இருக்கவில்லை. அவர் பணம் தீர்ந்துபோயிற்று.

2014 இறுதியில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ‘டீம் செர்ரி’ என்ற மிகச் சிறிய குழு ‘ஹாலோ நைட்’ என்ற விளையாட்டுக்காக 57,000 ஆஸ்திரேலிய டாலர் திரட்டியது. தந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். 2015-ல் தருவதாகச் சொன்னது 2017 பிப்ரவரியில் வந்தது, லட்சக்கணக்கில் விற்றது. வசூல் ஒரு எல்லையைத் தாண்டினால் இன்னொரு பாத்திரமாகவும் ஆடலாம் என்று ஆரம்பத்தில் வாக்களித்திருந்தார்கள், தாண்டியிருந்தது. அந்த ஒரு பாத்திரம் வளர்ந்து தனி விளையாட்டாகிவிட்டதாக 2019-ல் அறிவித்தார்கள். பிறகு வருஷக்கணக்கில் ஏறக்குறைய மௌனம். செய்தி சொல்லவேண்டும் என்ற என் வாதத்துக்கு அந்த மௌனம் நேர் விரோதமானது. ஆனால் அந்த வருஷங்களில் அவர்கள் சாப்பிட்டது ஏற்கனவே விற்ற விளையாட்டின் காசை; வரப்போவதைக் காட்டி யாரிடமும் ஒன்றும் வாங்கவில்லை. ‘ஸில்க்ஸாங்’ 2025 செப்டம்பர் 4 அன்று வெளிவந்தது. 2014-ல் பணம் தந்த அந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்கு விலையில்லை.